டிப்பிங் பேப்பர் ஓரம் தூக்கும் சிகரெட்: ஒரு கேமரா பரிசோதனையின் நிகழ்வு ஆய்வு

புகார் சின்னதுதான். பாக்கெட்டைத் திறந்தால், சில சிகரெட்டுகளில் ஃபில்டரைச் சுற்றியுள்ள டிப்பிங் பேப்பரின் ஓரம் ஒட்டாமல் தூக்கிக்கொண்டு நிற்கிறது. எல்லாப் பாக்கெட்டிலும் இல்லை, எல்லா நாளும் இல்லை. ஷிப்டில் ஆபரேட்டர் எடுத்துப் பார்க்கும் மாதிரிகளில் அகப்படுவதும் இல்லை. வரிசையில் கேமரா பொருத்தியாயிற்று, அது சிகரெட்டுகளைத் தள்ளிக்கொண்டும் இருக்கிறது. ஆனாலும் புகார் நிற்கவில்லை.

இதில் வரும் வரிசை ஏதோ ஒரு குறிப்பிட்ட ஆலையின் வரிசை அல்ல. நிமிடத்துக்கு 8,000 சிகரெட் செய்யும் ஒரு மேக்கர், அதோடு இணைந்து நிமிடத்துக்கு 400 பாக்கெட் கட்டும் ஒரு பாக்கர், பாக்கெட்டுக்கு 20 சிகரெட். இப்படிப்பட்ட ஒரு வரிசையை எடுத்துக்கொண்டு, இந்த ஒரே புகாரைக் கடைசிவரை துரத்திப் பார்ப்பதுதான் நோக்கம். எண்கள் அந்த வேகத்துக்குப் போட்ட கணக்குகள். இதைவிட வேகமான இயந்திரங்கள் உண்டு; ஹௌனி, ஜி.டி. போன்ற நிறுவனங்களின் பெரிய மேக்கர்கள் நிமிடத்துக்கு 20,000-ஐ ஒட்டி ஓடுகின்றன. வேகம் கூடினால் கணக்கு இறுகும், தர்க்கம் மாறாது.

நான் சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டதைப் பொறுக்கி வெளியே தள்ளுவது தரக் கட்டுப்பாட்டில் பாதிகூட இல்லை. தள்ளப்பட்ட ஒவ்வொரு சிகரெட்டும் இயந்திரத்தின் எந்த இடத்தைக் கடந்து வந்தது என்று குறித்து வைக்காத கேமரா, எவ்வளவு கூர்மையாகப் பார்த்தாலும், குப்பைத் தொட்டியை நிரப்பும் கருவியாகவே இருந்துவிடும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இங்கே தரம் என்பது வகுத்த அளவுக்குப் பொருந்துவது, அவ்வளவுதான். ஒழுங்காக ஒட்டிய சிகரெட் ஒட்டாததைவிட உடம்புக்குக் குறைவாகக் கெடுதல் செய்வதில்லை. புகையிலையால் ஆண்டுக்கு 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எந்தக் கேமராவும் அந்த எண்ணைக் குறைக்காது. இருந்தும் இந்த வரிசையைப் பற்றி எழுதக் காரணம் இருக்கிறது. கண்ணால் பார்க்க முடியாத வேகத்தில் ஓடும் எந்த உற்பத்திக்கும் இதே சிக்கல்கள்தான் வருகின்றன. தவிர, எச்சரிக்கைப் படத்தையும் வரி முத்திரையையும் சரிபார்ப்பதும் இதே வரிசையில் நிற்கும் கேமராக்கள்தான்.

சிகரெட் எப்படி உருவாகிறது

புகாரைப் புரிந்துகொள்ள, டிப்பிங் நடக்கும் இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

வெட்டிய புகையிலை காற்றில் மேலே உறிஞ்சப்பட்டு, ஒரு பட்டையில் ஒட்டி, நீண்ட படுக்கையாகச் சேர்கிறது. அதைக் காகிதம் சுற்றிக்கொள்கிறது. காகிதத்தின் ஓரத்தில் பசைக் கோடு விழுந்து சீம், அதாவது ஓரங்கள் சேரும் ஒட்டு, மூடுகிறது. முடிவில்லாத ஒரே குழாயாக ஓடிவரும் இதை ராட் என்பார்கள். ஒரு சிகரெட்டில் புகையிலைப் பகுதி 60 மி.மீ. என்று வைத்தால், நிமிடத்துக்கு 8,000 என்பது 480 மீட்டர் ராட். வினாடிக்கு 8 மீட்டர்.

ராட் துண்டுகளானதும் அவை டிரம்களில் ஏறுகின்றன. டிரம்மின் மேற்பரப்பில் வரிசையாகப் பள்ளங்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் உறிஞ்சு காற்றுத் துளைகள். சிகரெட் அதில் படுத்தபடி ஒரு டிரம்மிலிருந்து அடுத்த டிரம்முக்குக் கைமாறிக்கொண்டே போகும். இரண்டு புகையிலைத் துண்டுகளை எதிரெதிராக விலக்கி, நடுவே இரட்டை நீள ஃபில்டரைப் போடுகிறார்கள். இன்னொரு பக்கம் டிப்பிங் பேப்பர் பாபின் என்ற காகிதச் சுருளிலிருந்து வந்து, பசை தடவப்பட்டு, கத்தி உருளையில் சிறு சிறு துண்டுகளாக வெட்டப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் ஒரு ஜோடியின் நடுவில் சுற்றப்படும். ஜோடியை உருட்டித்தான் சுற்றுகிறார்கள். பிறகு நடுவில் ஒரு வெட்டு. ஒரு ஜோடி இரண்டு சிகரெட்டாகிறது: ஒன்று முன்வரிசையில், மற்றது பின்வரிசையில். ஒரு பக்கத்து வரிசையைத் திருப்பிப்போட்டு, எல்லா ஃபில்டரும் ஒரே திசையைப் பார்க்கும்படி செய்கிறார்கள்.

இதில் இரண்டு விஷயங்களை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, ஒரே டிப்பிங் துண்டுதான் இரண்டு சிகரெட்டுக்கும் போகிறது. இன்னொன்று, கத்தியின் நீளம் அந்த ஜோடியின் அச்சோடு கிடக்கிறது. அதாவது கத்தியின் இடது பாதி முன்வரிசை சிகரெட்டின் ஓரத்தை வெட்டுகிறது, வலது பாதி பின்வரிசை சிகரெட்டின் ஓரத்தை வெட்டுகிறது. விடை கடைசியில் இங்கேதான் கிடைக்கப்போகிறது.

மாதிரி எடுத்தால் ஏன் சிக்கவில்லை

ஜேம்ஸ் பான்சாக் 1881-இல் காப்புரிமை பெற்ற சிகரெட் இயந்திரம் நிமிடத்துக்குச் சுமார் 200 சிகரெட் செய்தது. அந்த வேகத்தில் மேசையருகே நிற்கும் ஒருவர் வரும் சிகரெட்டைப் பார்த்துக்கொண்டே எடுத்து அடுக்க முடிந்தது. 8,000 என்றால் ஒரு சிகரெட்டுக்கு 7.5 மில்லிவினாடி. கண் அந்த ஆட்டத்திலேயே இல்லை.

அதனால் மாதிரி எடுக்கிறோம். பத்தாயிரத்தில் 2 சிகரெட்டில் ஓரம் தூக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 200 சிகரெட்டை எடுத்துப் பார்த்தால், அதில் குறைந்தது ஒன்றாவது சிக்கும் வாய்ப்பு 4 சதவீதம்கூட இல்லை. 25 முறை எடுத்தால் 24 முறை கை சுத்தமாக இருக்கும். ஆனால் 8 மணி நேர ஷிப்டில் ஓடுவது 38,40,000 சிகரெட். அதில் கெட்டது 768. பாக்கெட் கணக்கில் பார்த்தால் 250-இல் ஒன்றில் புகார் இருக்கும். வாங்குபவர் கண்ணில் படும், ஆய்வாளர் கையில் படாது. ஆபரேட்டர் அலட்சியமாக இருக்கிறார் என்று இந்த இடத்தில் பலர் முடிவுகட்டுவதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அவர் செய்வதில் தவறே இல்லை. கேட்ட கேள்விக்கு அந்த மாதிரியின் அளவு போதாது.

கேமரா எதைப் பார்க்கிறது

சிகரெட் ஒரு உருளை. இந்த ஒரே காரணம்தான் பாதித் தலைவலி.

மேலிருந்து ஒரு கேமரா பார்த்தால் முன்பாதி தெரியும் என்று நினைப்போம். ஆனால் நடுவிலிருந்து 60 பாகை விலகிய இடத்தில் ஒரு கறையின் அகலம் பாதியாகச் சுருங்கித் தெரியும். ஓரத்தை நெருங்க நெருங்க ஒன்றுமே மிஞ்சாது. ஓரம் தூக்குவது நேராக மேலே இருந்தால் பளிச்சென்று தெரியும். பக்கவாட்டில் திரும்பியிருந்தால் வெறும் நிழல்கோடு. பள்ளத்துக்குள் கிடக்கும் கீழ்ப்பாதி சுத்தமாகத் தெரியாது.

கீழ்ப்பாதிக்கு வழி இயந்திரத்திலேயே இருக்கிறது. சிகரெட் ஒரு டிரம்மிலிருந்து அடுத்ததற்குக் கைமாறும்போது, இதுவரை பள்ளத்தில் மறைந்திருந்த பக்கம் வெளியே வருகிறது. முதல் டிரம்மில் ஒரு பாதி, அடுத்த டிரம்மில் மறு பாதி. பக்கங்களில் பார்வை பலவீனமாவதைச் சரிக்கட்ட, டிரம்முக்கு இரண்டு கேமரா வைத்துச் சாய்த்துப் பார்க்கலாம். அப்போது மொத்தம் 4 பார்வை; ஒவ்வொன்றும் நடுவிலிருந்து 45 பாகைக்கு மேல் பொறுப்பேற்க வேண்டியதில்லை. மிக மோசமான இடத்திலும் அகலத்தில் 70 சதவீதம் மிஞ்சும்.

84 மி.மீ. நீளத்தை 1,024 பிக்சலில் பிடித்தால், ஒரு பிக்சல் 0.08 மி.மீ. அரை மில்லிமீட்டர் கறைக்கு 6 பிக்சல் கிடைக்கும், போதும். டிரம்மின் பள்ளங்களுக்கு இடையே 18 மி.மீ. என்று வைத்தால் சிகரெட் வினாடிக்கு 2.4 மீட்டர் வேகத்தில் நகரும். படம் ஒரு பிக்சலுக்கு மேல் இழுபடாமல் இருக்க, வெளிச்சம் 33 மைக்ரோவினாடிக்கு மேல் எரியக் கூடாது. அதனால்தான் கேமராவின் ஷட்டரை நம்பாமல் எல்.இ.டி. ஸ்ட்ரோபை மின்னவைக்கிறார்கள், எப்போது மின்ன வேண்டும் என்பதை டிரம்மின் தண்டில் உள்ள என்கோடர், அதாவது சுழற்சியை அளக்கும் கருவி, சொல்கிறது. நேரத்தை வைத்து மின்னவைத்தால், இயந்திரம் வேகம் எடுக்கும்போதும் குறையும்போதும் சிகரெட் படத்தின் எல்லையைவிட்டு நகர்ந்துவிடும்.

படங்களின் எண்ணிக்கை வினாடிக்கு 533. தரவு 50 மெகாபைட்டைக் கொஞ்சம் தாண்டும். இன்றைய கணினிக்கு இது பெரிய சுமை இல்லை.

சுமை வெளிச்சத்தில்தான். வெள்ளைக் காகிதம் ஒளியைப் பரப்பும். டிப்பிங் பேப்பரில் இருக்கும் மினுக்கப் பூச்சும் தங்கக் கோடும் ஒளியைத் திருப்பியடிக்கும். இரண்டும் ஒரே படத்தில் வருகின்றன. தங்கக் கோடு வெள்ளையாக எரிந்துபோனால் அதன் மேலுள்ள கிழிசல் தெரியாது. அதை அடக்க வெளிச்சத்தைக் குறைத்தால் காகிதத்தின் மெல்லிய சுருக்கம் தெரியாது. எங்கள் புகாருக்கு உதவுவது தாழ்ந்த கோணத்தில் ஒரு பக்கத்திலிருந்து வரும் ஒளி. தூக்கிய ஓரம் ஒரு பக்கம் நிழல் போடும், ஒட்டிய ஓரம் போடாது. ஆனால் அதே தாழ்ந்த ஒளி காகிதத்தின் இயல்பான சொரசொரப்பையும் பெரிதாக்கிக் காட்டும். அதனால் இரண்டு விதமான ஒளியை மாற்றி மாற்றி மின்னவைத்து, இரண்டு படத்தையும் சேர்த்துத் தீர்ப்புச் சொல்வது நல்லது. அந்த ஏற்பாட்டில் படங்கள் இரட்டிப்பாகும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். தவறான வெளிச்சத்தில் எடுத்த படத்தைப் பிறகு எந்த மென்பொருளும் மீட்டுத் தராது.

கார்க் மரத்தைப் போல அச்சிட்ட டிப்பிங் பேப்பர் தனிக் கதை. அதிலுள்ள புள்ளிகள் அச்சிலேயே இருப்பவை. பசைக் கறை அவற்றின் நடுவே விழுந்தால் மனிதக் கண்ணுக்கே தடுமாற்றம். வெள்ளை டிப்பிங்கில் பிடிபடும் அதே அளவுக் கறை கார்க்கில் பிடிபட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. இரண்டுக்கும் வேறு வேறு வரம்பு வைத்து, அதை எழுத்தில் ஒப்புக்கொள்வதுதான் நேர்மை.

கேமராவுக்குத் தெரியாதவையும் உண்டு. ராடின் எடையை அது சொல்லாது. ஒருகாலத்தில் ஸ்ட்ரான்ஷியம்-90 கதிர்மூலம் வைத்து அடர்த்தியை அளந்தார்கள், பிறகு மைக்ரோவேவ் உணரிகள் வந்தன. ஃபில்டரின் காற்றுத் துளைகள் எவ்வளவு காற்றை விடுகின்றன என்பதும், சீம் எங்காவது கசிகிறதா என்பதும் காற்று அழுத்தத்தால் சோதிக்கப்படும். ஒரு கேமராவை வாங்கிவிட்டு மற்றவற்றை நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தீர்ப்பும் அதன் விலையும்

இப்போது படம் கையில் இருக்கிறது. நல்லதா கெட்டதா?

டிப்பிங் பேப்பரின் நீளம், கோட்டின் இடம், ஃபில்டர் இருக்கிறதா இல்லையா, இவற்றுக்கெல்லாம் அளந்து பார்க்கும் பழைய விதிமுறைகளே போதும். ஏன் தள்ளியது என்று கேட்டால் மில்லிமீட்டரில் பதில் தரும். கறை, சுருக்கம், கிழிசல், தூக்கிய ஓரம் போன்றவற்றுக்கு வடிவம் நிலையில்லை. அங்கேதான் கற்றுக்கொள்ளும் நெட்வொர்க்குகள் வருகின்றன. 2015-இல் வெளிவந்த யோலோ (YOLO) என்ற நெட்வொர்க்கும் அதன் வழிவந்தவையும் ஒரே ஓட்டத்தில் குறையின் இடத்தையும் வகையையும் சொல்வதால், வேக வரிசைகளில் இவற்றை நிறையப் பேர் முயல்கிறார்கள். சிக்கல், கெட்ட சிகரெட்டின் படங்கள் போதுமான அளவு கிடைப்பதில்லை. நல்ல படங்களோ லட்சக்கணக்கில் கிடைக்கும். எனவே நல்லதை மட்டும் காட்டிப் பழக்கி, அதிலிருந்து விலகுவதைப் பிடிக்கும் முறையும் வளர்ந்திருக்கிறது. 2019-இல் வந்த எம்.வி.டெக் ஏ.டி. என்ற படத் தொகுப்பு இந்த வகை ஆய்வுகளுக்கு அளவுகோல் ஆனது. அதில் 15 வகைப் பொருள்கள், பயிற்சிக்குக் குறையில்லாத படங்கள் மட்டும்.

எந்த முறையாக இருந்தாலும், கணக்கு ஒன்று எல்லோரையும் பிடிக்கும். தவறாக நல்லதைத் தள்ளும் விகிதம் ஆயிரத்தில் 1 என்றால் கேட்க நன்றாக இருக்கிறது. 8,000-இல் அது நிமிடத்துக்கு 8 நல்ல சிகரெட். ஷிப்டுக்கு 3,840. உண்மையில் கெட்டதோ 768. தள்ளுத் தொட்டியில் ஆபரேட்டர் கைவிட்டு எடுக்கும் 6 சிகரெட்டில் 5 நல்லது. அவர் என்ன முடிவுக்கு வருவார்? கேமராவுக்குப் பைத்தியம் என்று. அப்புறம் உணர்திறனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்துவார். எங்கள் புகார் கேமரா இருந்தும் நிற்காததற்கு முதல் காரணம் இதுவே.

பாக்கரில் இது இன்னும் காரம். அங்கே கேமரா ஒரு கட்டின் 20 முனைகளையும் ஒன்றாகப் பார்க்கிறது. 7, 6, 7 என மூன்று அடுக்கு. ஒரு முனைக்குத் தவறு இரண்டாயிரத்தில் 1 என்றாலும், 20 முனைக்குச் சேர்த்து நூறில் 1 ஆகிவிடும். நிமிடத்துக்கு 4 கட்டு, அதாவது 80 சிகரெட் வெளியே. மேக்கரில் பிடித்தால் ஒரு சிகரெட் போகும். பாக்கரில் பிடித்தால் 20 போகும். செலோபேன் சுற்றிய பிறகு பிடித்தால் அட்டையும் முத்திரையும் சேர்ந்து போகும். தள்ளியவற்றை உடைத்துப் புகையிலையை மீட்க இயந்திரம் உண்டு. ஆனால் அடிபட்ட புகையிலை பொடியாகித்தான் திரும்பும். காகிதமும் ஃபில்டரும் திரும்புவதே இல்லை.

ஆகவே ஓரம் தூக்கும் குறையை மேக்கரிலேயே பிடிக்க வேண்டும் என்பதில் சந்தேகமில்லை.

சரியான சிகரெட்டைத் தள்ளுவது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஆனால் விட்டுவிட முடியாது. கேமரா பார்க்கும் இடமும் சிகரெட்டைத் தள்ளும் இடமும் ஒன்றல்ல. நடுவே 20 பள்ளத் தூரம் இருந்தால் 150 மில்லிவினாடி அவகாசம். ஒரு சிகரெட்டுக்கு 7.5 மில்லிவினாடிக்குள் முடிவு சொல்லியாக வேண்டும் என்று பலர் பதறுகிறார்கள். தேவை அதுவல்ல. சராசரியாக 7.5 மில்லிவினாடிக்கு ஒரு முடிவு வெளிவர வேண்டும். ஒவ்வொரு முடிவும் 150-க்குள் வந்து சேர வேண்டும். இவை இரண்டும் வேறு வேறு நிபந்தனைகள். பதில் தாமதமானால் அந்தச் சிகரெட்டைத் தள்ளிவிடுவது என்று முன்பே தீர்மானித்து வைக்க வேண்டும்.

தள்ளுவது அழுத்தக் காற்று. வால்வ் திறந்து மூடும் நேரம் ஒரு பள்ளம் கடக்கும் நேரத்தைத் தாண்டினால் பக்கத்துச் சிகரெட்டும் சேர்ந்து பறக்கும். ஒரு பள்ளம் தவறினால் கதை இன்னும் மோசம்: நல்லது வெளியே போகும், கெட்டது பாக்கெட்டுக்குப் போகும், கேமராவின் திரையில் எல்லாம் சரியாக இருக்கும். வால்வ் தேயத் தேய இது மெதுவாக நேர்கிறது. எனவே ஷிப்ட் தொடக்கத்தில் தெரிந்தே குறை வைத்த சிகரெட்டுகளை ஓடவிட்டு, அவை தொட்டிக்கு வந்து சேர்ந்தனவா, பக்கத்தில் இருந்தவை வராமல் இருந்தனவா என்று எண்ண வேண்டும். திரையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடும் வழக்கம் ஒழிய வேண்டும்.

எண்ணை மீதியாக்கிப் பார்ப்பது

இனி விஷயத்துக்கு வருவோம்.

ஓரம் தூக்கக் காரணங்கள் பல. பசை குறைவாக விழுந்திருக்கலாம். உருட்டும் இடத்தில் அழுக்கு சேர்ந்திருக்கலாம். ஒரு பள்ளத்தின் உறிஞ்சு துளை அடைபட்டு, ஜோடி கோணலாக உட்கார்ந்திருக்கலாம். கத்தி மழுங்கி ஓரத்தைப் பிய்த்திருக்கலாம். படத்தைப் பார்த்து இவற்றைப் பிரிப்பது கடினம். விளைவு எல்லாவற்றிலும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. ஆனால் காலத்தில் இவை ஒன்றுபோல இல்லை. பசைக் குறைவு இயந்திரம் நின்று கிளம்பிய பின் கூட்டமாக வரும், பிறகு அடங்கும். ஒரு பாபின் தீர்ந்து அடுத்ததோடு ஒட்டும் இடத்தில் வரும் குறை பாபினுக்கு ஒருமுறை வரும். காகிதத்தைக் குத்தும் புகையிலைக் காம்பு எந்த ஒழுங்கிலும் வராது. அடைபட்ட பள்ளமும் மழுங்கிய கத்தியும் மட்டும் சுற்றுக்குச் சுற்றுத் திரும்பத் திரும்ப வரும்.

எனவே ஒவ்வொரு சிகரெட்டுக்கும் என்கோடரிலிருந்து ஓர் ஓடும் எண் கொடுக்கிறோம். தள்ளியபோது காரணத்தோடு அந்த எண்ணையும் சேமிக்கிறோம். எண் ஒற்றையா இரட்டையா என்பது முன்வரிசையா பின்வரிசையா என்பதைச் சொல்லும். எண்ணை 2-ஆல் வகுத்தால் ஜோடியின் எண். அந்த ஜோடி எண்ணைக் கத்தி உருளையில் உள்ள கத்திகளின் எண்ணிக்கையால் வகுத்து மீதியைப் பார்த்தால், எந்தக் கத்தி வெட்டியது என்று தெரிந்துவிடும். டிரம்மின் பள்ளங்களால் வகுத்தால் எந்தப் பள்ளம் என்று தெரியும். டிரம்கள் எல்லாம் பற்சக்கரத்தால் பிணைந்திருப்பதால் இந்த உறவு ஓட்டத்தில் மாறாது. யாராவது பிரித்துப் பூட்டினால் மட்டும் பூஜ்ஜியக் குறியை மறுபடி பிடிக்க வேண்டும்.

கத்தி உருளையில் 8 கத்திகள் என்று கொள்வோம். ஷிப்டில் 768 குறை. கத்திக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றால் ஒவ்வொரு மீதியிலும் 96 அளவில் விழும். 20 கூடக் குறைய ஆடுவது இயல்பு. ஆனால் ஒரு மீதியில் 400-உம் மற்ற ஏழில் தலா 50 சொச்சமும் விழுந்தால், விசாரணை முடிந்தது. அந்த 400-உம் முன்வரிசையிலேயே குவிந்தால், அந்தக் கத்தியின் எந்தப் பாதியில் பழுது என்பதும் தெரிந்துவிடுகிறது.

அந்தக் கத்தி வெட்டும் எல்லாத் துண்டும் கெடுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லாமே கெட்டால் 16-இல் ஒரு சிகரெட் கெடும். யார் கண்ணுக்கும் உடனே தெரியும். ஓரம் கொஞ்சம் பிய்ந்த துண்டு பெரும்பாலும் ஒட்டிக்கொள்கிறது. பசையும் மெலிந்த நேரத்தில் மட்டும் தூக்குகிறது. அதனால்தான் பசையைக் கூட்டினால் புகார் குறைகிறது, பசைதான் காரணம் என்று கோப்பு மூடப்படுகிறது, சில வாரங்களில் புகார் திரும்புகிறது. கூட்டிய பசை வேறு இடத்தில் கறையாக வெளியே வருகிறது.

ஓர் எச்சரிக்கை. 24 பள்ளம் உள்ள டிரம்மை வைத்து இதே எண்களை வகுத்தால் அங்கேயும் குவியும்: ஒன்றுக்கொன்று 8 தள்ளி மூன்று பள்ளங்களில். மூன்று பள்ளமும் ஒரே நேரத்தில் சம இடைவெளியில் கெட்டுவிட்டன என்று டிரம்மைக் கழற்றப் போகக் கூடாது. 8 என்பது 24-ஐ வகுப்பதால் வரும் நிழல் அது. குவியலைக் காட்டும் எண்களில் மிகச் சிறியதையே முதலில் சந்தேகிக்க வேண்டும். சரி, மூன்றில் ஒரு பள்ளத்தில் மட்டும் குவிந்தால்? அப்போது குற்றவாளி டிரம்தான்.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம், கேமரா நுணுக்கமாக இல்லாவிட்டாலும் இது வேலை செய்கிறது என்பது. தவறாகத் தள்ளப்பட்ட 3,840 நல்ல சிகரெட்டும் சேர்ந்தே பதிவாகிறது என்று வையுங்கள். அவை எட்டு மீதிகளிலும் சமமாக, தலா 480 என விழும். ஏழு கத்திகளுக்கு 530 சொச்சம், ஒரு கத்திக்கு 880. குவியல் மறையவில்லை. ஒவ்வொரு சிகரெட்டின் மீதும் கேமரா சொல்லும் தீர்ப்பு நம்பத் தகாததாக இருந்தாலும், அதன் தீர்ப்புகளின் கூட்டம் உண்மையைச் சொல்கிறது. பரிசோதனை டிரம்மிலேயே ஒரு பள்ளம் கீறலால் பளபளத்துத் தவறான தள்ளல்களை உண்டாக்கினால், அதுவும் அந்த டிரம்மின் பள்ள எண்ணில் குவியலாக நிற்கும். கருவி தன் குறையைத் தானே காட்டிக்கொடுக்கிறது. இதற்கு ஆகும் கூடுதல் செலவு சில வரி மென்பொருள். இருந்தும் பல வரிசைகளில் தள்ளியவற்றின் மொத்த எண்ணிக்கை மட்டுமே திரையில் ஓடுகிறது. சிகரெட்டின் ஓடும் எண்ணும் தள்ளிய நேரமும் எங்கும் சேமிக்கப்படுவதில்லை. அது என்னை உண்மையிலேயே உறுத்துகிறது.

கத்தியை மாற்றிய பிறகு, அந்த மீதியின் குவியல் தரைமட்டத்துக்கு வந்ததா என்று அடுத்த ஷிப்டில் பார்க்க வேண்டும். வந்தால்தான் கூட்டிய பசையைப் பழைய அளவுக்கு இறக்கலாம். பசை இறங்கினால் கறை குறையும், கறைக்கான தள்ளலும் குறையும். ஆபரேட்டர் தாழ்த்தி வைத்திருந்த உணர்திறனை அதன் பிறகு மேலே கொண்டுபோனால் அவர் எதிர்க்க மாட்டார். தொட்டியில் இப்போது கிடப்பதில் கெட்டதன் பங்கு கூடியிருக்கும்.

பாக்கர் பக்கம்

பாக்கரில் உள்ள கேமராக்களைப் பற்றி ஒரு தனி ஆய்வே எழுதலாம். முனைகளைப் பார்ப்பது, உள்தாள் மடிப்பு, கிழிநாடா, செலோபேன் சுருக்கம் எல்லாம் அங்கே. 150 மில்லிவினாடிக்கு ஒரு பாக்கெட் என்பதால் அவகாசம் தாராளம்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது எச்சரிக்கையையும் முத்திரையையும் பற்றித்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை 2005-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 11-ஆவது பிரிவு, பாக்கெட்டின் முதன்மைப் பரப்பில் எச்சரிக்கை 50 சதவீதமோ அதற்கு மேலோ இருப்பது நல்லது, 30 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்கிறது. கள்ள வணிகத்துக்கு எதிரான அதன் துணை ஒப்பந்தம் 2018-இல் நடைமுறைக்கு வந்து, பாக்கெட்டுகளில் தனித்த அடையாளக் குறி இருக்க வேண்டும் என்கிறது. எச்சரிக்கைப் படம் மாறும் பருவத்தில் பழைய அட்டை ஒரு கட்டு கலந்துவிட்டால், முத்திரை கோணலாகப் படத்தின் மேல் ஏறிவிட்டால், குறி அச்சு மங்கிப் படிக்க முடியாமல் போனால், அவற்றை அழகுக் குறையாக வகைப்படுத்தவே கூடாது. வாங்குபவருக்குச் சொல்லியாக வேண்டிய ஒரே உண்மை அந்தப் படத்தில் இருக்கிறது. செலோபேன் சுருக்கத்துக்கு வரம்பைத் தளர்த்தலாம், பேரம் பேசலாம், இதற்குக் கூடாது. உணர்திறனை ஆபரேட்டரால் மாற்ற முடியாதபடி இந்தச் சோதனைகளைப் பூட்டி வைக்க வேண்டும்.

தானாக அணையும் தன்மையுள்ள காகிதமும் இதே வகை. நியூயார்க் மாநிலம் 2004-லும் ஐரோப்பிய ஒன்றியம் 2011-லும் இதைக் கட்டாயமாக்கின. காகிதத்தில் இடைவெளி விட்டுப் போடப்பட்ட அடர்த்தியான பட்டைகள் காற்றைக் குறைத்து, கவனிக்காமல் விட்ட சிகரெட் மெத்தையிலோ சோபாவிலோ தீப்பிடிக்க வைக்கும் வாய்ப்பைத் தணிக்கின்றன. பட்டைகள் வெறும் கண்ணுக்குச் சரியாகத் தெரிவதில்லை. சாதாரணக் காகித பாபினைத் தவறிப் போட்டுவிட்டால், முடிந்த சிகரெட்டைப் பார்த்து வித்தியாசம் சொல்வது கடினம். அதனால் ராட் ஆவதற்கு முன்பே, காகிதம் ஓடும் பாதையில் ஒளி உணரி வைத்துப் பட்டைகளின் இடைவெளியை எண்ண வேண்டும். பட்டை வராவிட்டால் சிகரெட்டைத் தள்ளிக்கொண்டிருக்கக் கூடாது; இயந்திரம் நிற்க வேண்டும்.

எங்கள் வரிசையில் மீதமிருக்கும் வேலை ரகம் மாறும் நாளுக்கானது. வெள்ளை டிப்பிங்கிலிருந்து கார்க்குக்குப் போகும்போது கேமராவின் பயிற்சியும் வரம்பும் மாறும், தள்ளல் எண்ணிக்கையும் மாறும். ஆனால் கத்தியின் மீதி எண் அப்படியே இருக்கும். ஆகவே ரகத்துக்கு ரகம் எண்ணிக்கையை ஒப்பிடாமல், குவியலின் வடிவத்தை மட்டும் ஒப்பிட்டு ஷிப்ட் பதிவேட்டில் வைத்துக்கொள்வது என்று முடிவு. பதிவேட்டில் அதற்கு இரண்டு கட்டம் போதும்: எந்தக் கத்தி, எந்த வரிசை.